விதையா, பாலா?
பெருங்காயச் செடியும் அதன் ஒற்றைப் பூப்பும்

1. கேள்வி

நம் சமையலறையில் அன்றாடம் புழங்கும் வாசனைப் பொருள்களில் பெரும்பாலானவற்றின் செடியை நம்மில் யாரேனும் பார்த்திருப்போம். கொத்துமல்லி கொல்லையிலேயே முளைக்கும். மிளகுக் கொடியும் ஏலச்செடியும் மேற்கு மலையில் ஏறினால் கண்ணில் படும். பெருங்காயத்தின் கதை மட்டும் கடையிலிருந்துதான் தொடங்குகிறது. கட்டியாகவோ தூளாகவோ டப்பாவில் வருகிறது. அதற்கு முன்னால் அது என்னவாக இருந்தது என்று நாம் கேட்பதில்லை. அது மரத்துப் பிசினா, கொடியின் காயா, மண்ணில் கிடைக்கும் தாதுப்பொருளா என்று கேட்டால் நன்கு படித்தவர்களும் தயங்குவதைக் கண்டிருக்கிறேன்.

ஈரான், ஆப்கானிஸ்தான், மத்திய ஆசியா ஆகிய பகுதிகளின் வறண்ட மலைகளில் தானாக முளைத்துப் பல ஆண்டு வாழும் ஒரு செடியின் வேர்ப்பாலே பெருங்காயம். அந்தச் செடி வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூக்கும்; விதை முற்றியதும் மடிந்துவிடும். பால் எடுப்பவர்கள் தேடிப் போவதோ, பூக்கும் வயதை நெருங்கிவிட்ட, ஆனால் இன்னும் பூக்காத வேரைத்தான். அதாவது விதை விழவேண்டிய நேரமும் கத்தி விழும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. அப்படியானால் இந்தச் செடி இத்தனை நூற்றாண்டுகளாக எப்படிப் பிழைத்திருக்கிறது? இனி எப்படிப் பிழைக்கும்? இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைத் தொடர்கிறது.

பெருங்காயம் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். தாவரவியலார் அதன் பெயரைப் பற்றி வாதிட்டிருக்கிறார்கள். மருந்தியலார் பிசினின் கூறுகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். வரலாற்றாசிரியர்கள் வணிகப் பாதைகளைத் தேடியிருக்கிறார்கள். இம்மூன்று துறைகளுக்கும் நடுவே செடியின் வாழ்வு தவறிப்போயிற்று என்பது என் கணிப்பு. சரக்கை மட்டும் அறிந்து செடியை அறியாமல் இருப்பது வெறும் அறியாமை அன்று. அந்தச் செடி குறைந்துகொண்டே போனாலும் வாங்குபவருக்குத் தெரியாமல் இருப்பதற்கான வழியும் அதுவே.

2. செடியின் ஆண்டுக் கணக்கு

பெருங்காயச் செடி ஃபெருலா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. மத்தியதரைக் கடற்கரையிலிருந்து மத்திய ஆசியா வரை பரந்து கிடக்கும் இப்பேரினத்தில் 170க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. கொத்துமல்லி, சீரகம், சோம்பு, ஓமம், கேரட் ஆகியவற்றின் குடும்பம்தான் இதுவும். கொத்துமல்லி பூக்கும்போது குடையைக் கவிழ்த்ததுபோல் பூங்கொத்து விரிவதை நினைவில் கொண்டு, அதை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, மஞ்சள் நிறம் பூசிப் பார்த்தால் பெருங்காயச் செடியின் பூப்பு ஓரளவு மனக்கண்ணில் தெரியும்.

அது வளரும் நிலத்தில் மழையும் பனியும் குளிர்காலத்தில் வருகின்றன. கோடை முழுக்க வறட்சி. நம் ஊர் மழைக் கணக்குக்கு இது நேர் எதிர். குளிர் விலகும்போது வேரின் தலையிலிருந்து பெரிய, ஆழமாகப் பிளவுபட்ட இலைகள் தரையோடு தரையாக விரிகின்றன. உருகிய பனியின் ஈரம் மண்ணில் நிற்கும் சில வாரங்களே அவற்றின் காலம். கோடை தொடங்கும்போது இலைகள் மஞ்சளித்துக் காய்ந்து காற்றில் பறந்துவிடும். அதன்பின் அடுத்த வசந்தம் வரை மேலே ஒன்றும் இருக்காது. வறட்சி தாங்கும் செடி என்று இதைச் சொல்வது வழக்கம். கள்ளி தாங்குவதும் இது தாங்குவதும் வேறு வேறு வகை. கள்ளி வெயிலில் நின்று தாங்குகிறது. பெருங்காயச் செடி வெயிலுக்கு முன்பே மண்ணுக்குள் போய்விடுகிறது. ஆண்டின் பெரும்பகுதியை அது வேராக மட்டுமே கழிக்கிறது.

ஆகவே வேர்தான் செடி. கேரட்டின் உறவு என்பதால் வடிவமும் அதைப்போன்றதே. ஆனால் முதிர்ந்த வேர் கையின் பருமனையும் தாண்டும். ஒவ்வொரு வசந்தத்திலும் இலைகள் சம்பாதித்ததில் செலவு போக மிச்சம் வேரில் சேர்கிறது. இப்படி ஐந்து ஆண்டு, சில இடங்களில் அதற்கும் மேல், சேமித்த பிறகே ஒரு வசந்தத்தில் நடுவிலிருந்து தடித்த, உள்ளே கூடான தண்டு எழும். சேமிப்பு முழுவதும் அந்த ஒரு தண்டில் செலவாகிறது. பூத்து, காய்த்து, தட்டையான விதைகளை உதிர்த்ததும் வேர் வெறுங்கூடாகி மக்கிப்போகும்.

ஒருமுறை பூத்து மடிவது நமக்குப் புதிதன்று. வாழை குலை தள்ளியதும் சாய்கிறது. ஆனால் பக்கத்தில் கன்று நிற்கும், அதனால்தான் வாழையடி வாழை என்கிறோம். மூங்கிலும் கூந்தற்பனையும் பூத்தால் முடிவு. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை மலைச்சரிவு முழுக்க ஒன்றாகப் பூத்து ஒன்றாக மடிகிறது. அந்த ஓராண்டில் விழும் விதைப் பெருக்கம் அடுத்த தலைமுறைக்குப் போதும். பெருங்காயச் செடிக்கோ கன்றும் இல்லை, குறிஞ்சியைப்போல் காடே சேர்ந்து பூக்கும் காலக்கட்டளையும் இல்லை. ஒவ்வொரு வேரும் தன் கணக்கில் தனியாகச் சேமித்து, தன் ஆண்டில் தனியாகப் பூக்கிறது. விதையிலும் ஒரு தடை உண்டு. ஈரத்தோடு கூடிய நீண்ட குளிரை அனுபவித்த பிறகே அது உறக்கம் கலைந்து முளைக்கும். அந்தக் குளிர் கிடைக்காத இடத்தில் விதை கையில் இருந்தும் பயனில்லை.

வேரில் ஓடும் பாலுக்கு என்ன வேலை? தாவரங்களில் பிசின் பொதுவாகச் செய்வதையே இதுவும் செய்கிறது: வெட்டுப்பட்ட இடத்தை மூடுகிறது, பூச்சியையும் பூஞ்சையையும் விரட்டுகிறது. வெங்காயம், பூண்டு ஆகியவற்றின் வாடைக்குக் காரணமான கந்தகச் சேர்மங்களின் உறவினரே இதன் வாடைக்கும் காரணம். தமிழில் புண்ணையும் காயம் என்கிறோம், இந்தச் சரக்கையும் காயம் என்கிறோம். இரண்டு சொற்களின் வேரும் ஒன்று என்று நான் வாதிடவில்லை. ஆனால் புண்பட்ட இடத்தில் புண்ணை மூட ஊறுவதுதான் நாம் வாங்கும் பொருள் என்பதை அறிந்த பிறகு, அந்தச் சொல்லை முன்போல எளிதாக எழுத முடியவில்லை.

3. வேரைச் சீவும் முறை

பால் எடுப்பதைக் கண்ணால் கண்டு விரிவாக எழுதிய முதல் ஐரோப்பியர் ஜெர்மானிய மருத்துவர் எங்கல்பர்ட் கெம்ஃபர். 1680களில் பாரசீகத்தில் இருந்த அவர், தெற்கே லாரிஸ்தான் மலைகளில் இதைப் பார்த்தார். 1712இல் வெளியான அவருடைய ‘அமோனிதாதெஸ் எக்சோதிகே’ என்னும் லத்தீன் நூலில் செடியின் படத்தோடு அந்த விவரம் உள்ளது. ஊரார் குழுவாக மலையேறுவது, இலை பழுக்கும் பருவத்தில் வேரின் தலையைச் சுற்றி மண்ணைத் தோண்டுவது, இலையைத் திருகி எறிந்துவிட்டு வேரை வெயில் படாமல் மூடிவைப்பது, சில வாரம் கழித்துத் திரும்பி வந்து தலையைச் சீவுவது, ஊறியதை வழித்தெடுத்து மறுபடி சீவுவது என்று வரிசையாக எழுதுகிறார். நான்கு ஆண்டு நிரம்பாத வேரில் பால் அதிகம் இல்லை என்பதையும் குறிக்கிறார். இந்த ஒரு குறிப்பு என் கேள்விக்கு மிக முக்கியமானது. பூக்கும் வயதும் பால் கொழிக்கும் வயதும் ஒன்றுதான் என்பது முந்நூறு ஆண்டுக்கு முன்பே எழுத்தில் ஏறிவிட்டது.

இருநூறு ஆண்டு கழித்து, 1884-85இல் ஆப்கான் எல்லை வரையறைக் குழுவோடு சென்ற தாவரவியலார் ஏட்சிசன், ஹெராத் பகுதியில் இதே வேலையைக் கண்டு எழுதினார். சீவிய வேரின்மேல் சுள்ளிகளால் சிறு கூடாரம்போல் கவித்துக் களிமண் பூசி, வடபுறம் மட்டும் திறப்பு விடுவார்கள் என்கிறார். வெயில் நேரே படாமலும் காற்றில் பால் காய்ந்துவிடாமலும் இருக்க இந்த ஏற்பாடு. லாரிஸ்தானும் ஹெராத்தும் வெகுதூரம். செடியும் ஒரே இனம் அன்று. ஆனாலும் தோண்டுவது, மூடுவது, சீவுவது, வழிப்பது, மறுபடி சீவுவது என்ற வரிசை மாறவில்லை. இன்றும் பெரிய மாற்றம் இல்லை.

நமக்குப் பழக்கமான சீவல்களோடு இதை ஒப்பிட வேண்டும். பனையில் பாளையைச் சீவுகிறோம். பதநீர் சொட்டிய பிறகும் மரம் நிற்கிறது, அடுத்த ஆண்டும் பாளை விடுகிறது. ரப்பர் மரத்தில் பட்டையைக் கீறுகிறோம்; பட்டை திரும்ப வளர்கிறது. பெருங்காயத்தில் சீவப்படுவது சேமிப்புக் கிடங்கே. ஒவ்வொரு சீவலிலும் வேரின் தலை ஒரு வில்லையாகக் குறைகிறது. தண்டு எழவேண்டிய மொட்டு இருந்ததும் அந்தத் தலையில்தான். பால் வற்றும்வரை சீவப்பட்ட வேர் திரும்ப எழுவதில்லை.

இதில் பால் எடுப்பவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வெயிலில், தண்ணீரில்லாத சரிவில், வாரக்கணக்கில் தங்கி, ஒவ்வொரு வேரையும் தேடித் திரும்பத் திரும்ப நடப்பது கொடிய உழைப்பு. எடுத்த பாலுக்கு மலையடிவாரத்தில் என்ன விலையோ அதுவே அவருக்கு. சில வேரைப் பூக்க விட்டுவை என்று அவரிடம் சொல்ல வேண்டுமானால், விட்டுவைத்த வேருக்கான கூலியை யார் தருவது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

4. ஒரு பெயரா, பல செடியா?

சமஸ்கிருத நிகண்டான அமரகோசம் ஹிங்குவுக்கு, அதாவது பெருங்காயத்துக்கு, தரும் மாற்றுப் பெயர்களில் பாஹ்லீகம் என்பது ஒன்று. பாஹ்லீகம் என்றால் பால்க் நாட்டுச் சரக்கு. இன்னொன்று ஜதுகம், அரக்குப் போன்றது. இன்னொன்று ஸஹஸ்ரவேதி, ஆயிரத்தைத் துளைப்பது. மூன்றும் சரக்கைப் பற்றியவை: வந்த நாடு, கையில் பிடித்த தன்மை, மூக்கைத் துளைத்த வீரியம். இலை, பூ, தண்டு பற்றி ஒரு பெயரும் இல்லை. நிகண்டுக்காரர் செடியைக் காணவில்லை. காண வாய்ப்பும் இல்லை. சீன யாத்ரிகர் யுவான் சுவாங் ஏழாம் நூற்றாண்டில் கஜினி நாட்டை விவரிக்கையில் அங்கே ஹிங்கு முளைப்பதைக் குறிப்பிடுகிறார். சரக்கை அதன் மண்ணோடு சேர்த்துச் சொல்லும் பழைய குறிப்புகளில் அது ஒன்று.

ஐரோப்பியர் இந்தக் குறையைத் தீர்க்க முயன்றபோது வேறொரு குழப்பம் பிறந்தது. லின்னேயஸ் 1753இல் ஃபெருலா அசஃபோட்டிடா என்று பெயரிட்டது கெம்ஃபரின் விவரத்தை வைத்து. 1838இல் ஹ்யூ ஃபால்கனர் காஷ்மீருக்கு வடக்கே ஆஸ்தோர் பள்ளத்தாக்கில் ஒரு செடியைக் கண்டு, இதுதான் பெருங்காயச் செடி என்று அறிவித்தார். அது இன்று ஃபெருலா நார்தெக்ஸ். ஆரல் கடலுக்கு அருகே லேமன் சேகரித்த இன்னொன்றும் அதே உரிமையைக் கோரியது. அது இன்று ஃபெருலா ஃபோட்டிடா. 1890களில் வெளியான ‘ஃபார்மகோகிராஃபியா இண்டிகா’வில் டைமாக்கும் அவருடைய தோழர்களும் பம்பாய்ச் சந்தையில் புழங்கிய வகைகளை ஒவ்வொரு செடியோடும் பொருத்தப் பார்த்தார்கள், புஷயர் துறைமுகம் வழியாக வந்த சரக்கை ஃபெருலா அலியேசியாவோடு சேர்த்தார்கள்.

இந்த விவாதத்தை யார் சரி, யார் தவறு என்ற கோணத்தில் படிப்பது வழக்கம். என் வாசிப்பு வேறு. எல்லோரும் சரி. நான்கைந்து செடிகள், வெவ்வேறு மலைகளில், ஒரே மாதிரியான பாலைத் தருகின்றன. சந்தை அவற்றை ஒரே பெயரில் வாங்குகிறது. செடி பிழைத்திருப்பதற்கு இதுவே ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஒரு மலையில் வேர் அருகினால் வணிகர் அடுத்த மலைக்குப் போனார். அருகிய மலைக்குச் சில ஆண்டு ஓய்வு கிடைத்தது. ஆனால் இதே ஏற்பாடு இழப்பை மறைக்கவும் வல்லது. ஓர் இனம் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து முற்றாக மறைந்துபோனாலும் பம்பாயில் மூட்டை குறையாது. வேறு இனத்தின் பால் அந்த இடத்தை நிரப்பிவிடும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளும் பெருங்காயத்தை வரையறுக்கையில் சில இனங்களைப் பெயர் சொல்லி, ‘ஃபெருலாவின் பிற இனங்களும்’ என்று சேர்த்துக்கொள்கின்றன. உண்பவரின் பாதுகாப்புக்கு அந்தச் சொற்றொடர் போதும். செடியின் பாதுகாப்புக்குப் போதாது.

5. சில்பியம்: முன்னொரு முறை நடந்தது

இந்த அச்சத்துக்கு முன்னுதாரணம் உண்டு. வட ஆப்பிரிக்காவில், இன்றைய லிபியாவின் கிழக்குக் கரையில், கிரேக்கக் குடியேற்ற நகரமாகிய கைரீனி இருந்தது. அதன் செல்வம் சில்பியம் என்னும் செடியின் பிசின். காசுகளிலேயே இந்தச் செடியைப் பொறித்தார்கள்: பருத்த, வரியோடிய தண்டு, உச்சியில் குடைப்பூ. பார்த்தவுடன் ஃபெருலாவின் உறவு என்று சொல்லத் தோன்றும் உருவம்.

கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய தியோஃபிராஸ்டஸ் இரண்டு செய்திகள் தருகிறார். ஒன்று, சில்பியம் பயிரிட்ட நிலத்தை விட்டு விலகிப்போகும் செடி, காட்டில்தான் வளரும். இரண்டு, வேரை எவ்வளவு வெட்டலாம் என்பதற்குச் சுரங்கத்துக்கு உள்ளதுபோன்ற கட்டுப்பாடு இருந்தது. முன்பு வெட்டியதையும் கையிருப்பையும் பார்த்தே வெட்டுவார்கள். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முன்பே ஒரு காட்டுச்செடிக்கு அறுவடை அளவு வகுத்திருந்தார்கள் என்பதை நான் வியப்போடு படித்தேன். ஆட்டு மந்தை நெருங்காமல் வேலி போடுவார்கள் என்று பிற்காலத்தில் அரியனும் எழுதுகிறார்.

அப்படியும் அது போயிற்று. கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி, தம் காலத்தில் ஒரே ஒரு தண்டுதான் கிடைத்தது, அதை நீரோ மன்னனுக்கு அனுப்பினார்கள் என்கிறார். காரணமும் சொல்கிறார்: நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள், மேய்ச்சலில் ஆதாயம் கூடுதல் என்று ஆட்டை விட்டு மேய்த்தார்கள். ஸ்டிராபோவோ நாடோடிகள் பகைகொண்டு வேர்களை அழித்ததால் குறைந்தது என்கிறார். இக்கால ஆய்வாளர் சிலர் கரையோர நிலம் காடழிந்து வறண்டதைச் சுட்டுகிறார்கள். முற்றாக அழிந்தது என்பதையே ஐயுறவும் இடமுண்டு. பிளினிக்கு ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டு கழித்துக் கைரீனியில் வாழ்ந்த சினீசியஸ் தம் கடிதத்தில் சில்பியத்தைத் தம் சகோதரரின் தோட்டப் பொருளாகக் குறிப்பிடுகிறார். ஆகவே ‘ரோமானியர் தின்றே தீர்த்தார்கள்’ என்று எளிதாகச் சொல்லப்படும் கதை சான்றுகளுக்கு முன் நிற்காது. சான்றுகள் காட்டுவது வேறு: கட்டுப்பாடு இருந்தவரை செடி இருந்தது, நிலம் குறுகிய காலக் குத்தகைக்காரர் கைக்குப் போனதும் கட்டுப்பாடு தளர்ந்தது. ஐந்தாண்டு கழித்துப் பூக்கும் செடிக்காக மூன்றாண்டுக் குத்தகைக்காரர் ஏன் காத்திருப்பார்?

சில்பியம் எந்தச் செடி என்பதும் முடிவாகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லிபியாவிலேயே வளரும் தாப்சியாவைச் சொன்னார்கள். 2021இல் துருக்கியின் மஹ்முத் மிஸ்கி, அனத்தோலியாவில் ஹசன் மலைப் பகுதியில் அரிதாக வளரும் ஃபெருலா ட்ருடீயானாவைச் சில்பியமாக முன்வைத்தார். காசில் உள்ள உருவத்தோடு அதன் ஒற்றுமை வலுவானது. ஆனால் கைரீனிப் பிசின் ஒரு துளிகூட இன்று ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் இல்லாதபோது, உருவ ஒற்றுமையை அடையாளச் சான்றாக ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

நம் பெருங்காயம் இந்தக் கதைக்குள் வருவது இங்கேதான். அலெக்சாந்தரின் படை இந்துகுஷ் மலையைக் கடந்தபோது அங்கே சில்பியம் மண்டியிருந்ததைக் கண்டதாகவும், விறகில்லாமல் பச்சையாகத் தின்ற இறைச்சி செரிக்க அது உதவியதாகவும் எழுதிவைத்திருக்கிறார்கள். அவர்கள் கண்டது பெருங்காயச் செடியின் இனம் என்பதில் ஆய்வாளரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. கைரீனிச் சரக்கு அருகியபோது ரோமானியர் பாரசீக, மீடிய, அர்மீனிய மலைகளின் பிசினை அதற்குப் பதிலாக வாங்கத் தொடங்கினார்கள். அது தரத்தில் தாழ்ந்தது, அதிலும் கோந்தும் இடித்த மொச்சையும் கலக்கிறார்கள் என்று பிளினி குறைப்படுகிறார். ஆக, மேற்கே பெருங்காயம் புகழ்பெற்றதே தீர்ந்துபோன ஒரு செடிக்கு மாற்றாக. மாற்றும் தீர்ந்தால் அதற்கு எந்த மலையைத் தேடுவது?

6. மருந்து, விலக்கு, மாற்று

பயன்பாட்டு வரலாற்றை இங்கே விரிக்கப் போவதில்லை. ஆனால் தேவை எங்கிருந்து வந்தது என்பதற்காக ஒன்றைச் சொல்லவேண்டும். பாலி வினயத்தில் பிக்குகளுக்கு அனுமதிக்கப்பட்ட பிசின் மருந்துகளின் பட்டியல் ஹிங்குவோடு தொடங்குகிறது. அதே சொல் சீனத்துக்குப் போனபோது, பௌத்தர் விலக்கவேண்டிய ஐந்து கடும் வாடைப் பொருள்களில் ஒன்றாக, பூண்டுக்கும் வெங்காயத்துக்கும் பக்கத்தில் உட்கார்ந்தது. இந்தியாவிலோ பூண்டையும் வெங்காயத்தையும் விலக்கிய சமையல் அந்த இடத்தில் பெருங்காயத்தைத்தான் வைத்தது. ஒரே கந்தக வாடை. ஓரிடத்தில் மருந்து, ஓரிடத்தில் விலக்கு, ஓரிடத்தில் விலக்கியதற்கு ஈடு. உலகில் வேறெங்கும் இல்லாத அளவு இந்தியத் தேவை பெருகியதற்கு இந்த மூன்றாவது இடம் முதற்காரணம். ரசமும் சாம்பாரும் மோரும் ஊறுகாயும் சாதி வரம்பைத் தாண்டி எல்லோருக்கும் பொதுவானபோது பெருங்காயமும் கூடவே போயிற்று.

7. டப்பாவுக்குள் இருப்பது

இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் 2020இல் சொன்ன கணக்குப்படி, ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 டன் கச்சாப் பெருங்காயம் ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து இந்தியாவுக்கு வருகிறது. செலவு ஏறத்தாழ 600 கோடி ரூபாய். வந்தது அப்படியே கடைக்குப் போவதில்லை. உத்தரப் பிரதேசத்தின் ஹாத்ரஸ் போன்ற ஊர்களில் அதை அரபிப் பிசினோடும் மாவோடும் பிசைந்து ‘கூட்டுப் பெருங்காயம்’ ஆக்குகிறார்கள். ஹாத்ரஸின் இந்தக் கைவேலைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த ஊரின் திறமைக்கு அது தகும். ஆனால் ஒரு செடிகூட முளைக்காத ஊரின் பெயர் சரக்குக்குக் குறியீடாகவும், செடி முளைக்கும் மலையின் பெயர் எங்கும் இல்லாமலும் இருப்பதைக் கவனிக்கவேண்டும்.

மாவு கலப்பது மோசடி அன்று. தூய பால் பெருங்காயத்தின் வீரியத்தை நேரடியாகச் சமையல் தாங்காது. நாட்டு மருந்துக் கடையில் அதை வாங்கியவர்களுக்குத் தெரியும். விதிகளும் அதை ஏற்கின்றன: சாராயத்தில் கரையும் சாரம் கச்சாப் பெருங்காயத்தில் 12 விழுக்காட்டுக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் 5 விழுக்காட்டுக்கும் குறையக்கூடாது. கோதுமை ஒவ்வாதவர்கள் அட்டையைப் படித்து வாங்கவேண்டும் என்பது தனிச் செய்தி. என் குறை அதே அட்டையைப் பற்றியதுதான், வேறு காரணத்துக்காக. மாவின் பெயர் அதில் உண்டு. செடியின் பெயர் இல்லை. எந்த நாட்டு மலை, எந்த இனம், காட்டில் எடுத்ததா பயிரிட்டதா என்ற மூன்றும் இல்லை. மரத்துக்கும் மீனுக்கும் இப்படிப்பட்ட விவரம் கேட்கத் தொடங்கிவிட்ட காலத்தில் இதற்கும் கேட்பது பெரிய கோரிக்கை அன்று.

8. லாகுல் வயல்

2018இல் பாலம்பூரில் உள்ள இமாலய உயிர்வளத் தொழில்நுட்ப நிறுவனம், தேசியத் தாவர மரபணு வள நிறுவனத்தின் வழியாக ஈரானிலிருந்து ஆறு வகை விதைகளைத் தருவித்தது. முளைக்கவைப்பதே பெரும்பாடு; விதையுறக்கத்தால் நூற்றில் ஒன்றே முளைத்தது என்று அந்த அறிவியலாளர்கள் அப்போது சொன்னார்கள். 2020 அக்டோபர் 15 அன்று இமாச்சலத்தின் லாகுல் பள்ளத்தாக்கில் குவாரிங் என்னும் ஊரில் முதல் நாற்று நடப்பட்டது. 2025இல் பாலம்பூரிலேயே செடி பூத்து விதை பிடித்தது என்ற செய்தி வந்தது. லாகுல் குளிர்பாலை, பாலம்பூரோ ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் உள்ள மழை மிகுந்த ஊர். அங்கே பூத்தது அறிவியலாளர் எதிர்பார்ப்பையும் மிஞ்சிய செய்தி என்றே எண்ணுகிறேன். உஸ்பெகிஸ்தானும் 2018 முதல் தோட்டமாகப் பயிரிடுவதை அரசு முயற்சியாக எடுத்திருக்கிறது.

இவற்றை இறக்குமதிச் செலவு மிச்சமாகும் என்ற கோணத்தில்தான் செய்தித்தாள்கள் எழுதின. எனக்கு அது இரண்டாம் செய்தி. தியோஃபிராஸ்டஸ் காலத்துச் சில்பியம் வயலுக்கு வர மறுத்தது. பெருங்காயச் செடி வந்திருக்கிறது, அதுவே முதற்செய்தி. ஆனால் வயலுக்கு வந்ததால் காட்டுச் செடி காப்பாற்றப்பட்டுவிட்டது என்று முடிவுகட்டுவது அவசரம். லாகுலில் உருளைக்கிழங்கும் பட்டாணியும் ஒரே கோடையில் காசாகின்றன. ஐந்தாண்டு காத்து, ஒரு பருவம் பால் கொடுத்து, மடிந்துபோகும் பயிருக்குச் சிறு விவசாயி எவ்வளவு நிலம் ஒதுக்குவார்? 1,200 டன் என்னும் தேவையில் எத்தனை பங்கை அந்த வயல்கள் எட்டும்? அதுவரை மலை வேர்தான் வெட்டுப்படும்.

பயிரிடுவதால் உடனே கிடைக்கும் பயன் வேறிடத்தில் இருக்கிறது. இத்தனை நாள் ஹெராத்திலும் லாரிஸ்தானிலும் ஆளில்லாத சரிவில் நடந்த ஒரு முடிவு, இப்போது வேலிக்குள், பெயர் தெரிந்த உழவரின் கண்ணெதிரே நடக்கப்போகிறது. எத்தனை சீவலுக்குப் பிறகு வேர் தாங்காது, எவ்வளவு ஆழம் வெட்டினால் மொட்டு பிழைக்கும், நூறு வேருக்கு எத்தனை வேரைப் பூக்கவிட்டால் அடுத்த நடவுக்கு விதை போதும் என்பவற்றை ஆண்டுக்கு ஆண்டு எண்ணி எழுதலாம். கைரீனிக்காரர் சுரங்கக் கணக்குப்போல் வைத்திருந்த அந்த அளவுகள் நமக்கு வந்து சேரவில்லை. லாகுலில் எழுதப்படும் கணக்கு ஆப்கான் மலையில் பால் எடுப்பவர் கைக்கும் போய்ச்சேர வேண்டும். விட்டுவைக்கும் வேருக்கான விலையைச் சரக்கு வாங்கும் நாடு, அதாவது நாம், கொடுக்க வேண்டும்.

குவாரிங்கில் 2020இல் நட்ட நாற்றுகளில் தழைத்தவை பூக்கும் வயதை எட்டும் காலம் இது. பனி விலகி இலை விரியும்போது அந்த உழவர் ஒவ்வொரு வேரின் முன்னும் குந்தி, மண்ணைத் தள்ளி, தலையைத் தொட்டுப் பார்ப்பார். இதைச் சீவலாம், அதை விடலாம் என்று அவர் குச்சி நட்டு அடையாளம் வைக்க வேண்டியிருக்கும்.